கூறுக்கு ஏது கணக்கு?

கற்பித்தல் பயிற்சிக்கு யாருக்கு எந்தப் பள்ளி என்று பட்டியல் ஒட்டிய அன்று, நாங்கள் எல்லோரும் முதலில் விசாரித்தது அந்த ஊருக்குப் பஸ் உண்டா என்பதைத்தான். எனக்குக் கிடைத்தது கடலூருக்குத் தெற்கே கடற்கரையோரம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பஸ், இறங்கியபின் மணலும் தாருமாக ஒரு கிலோமீட்டர் நடை. தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பில் எங்களுக்குச் சீருடைப் புடவை. கடற்காற்றில் அது நிற்க எட்டு ஊக்கு வேண்டும் என்பது இரண்டாவது நாளில் தெரிந்தது. அதுவும் ஒரு பயிற்சிதான், மதிப்பெண் கிடையாது.

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை சேர்ந்தேன். ஆறு வாரம், காலாண்டுத் தேர்வு முடியும்வரை. பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, அது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வட்டம் பாடும்போது இன்னொரு வட்டம் கழித்தல் கணக்குப் போட வேண்டும். பயிற்சி நிறுவனத்தில் நாங்கள் பாடம் நடத்திப் பழகியது எங்கள் தோழிகளுக்குத்தான். அவர்கள் மூன்றாம் வகுப்பு மாணவர்களாக நடிப்பார்கள். அவ்வளவு அமைதியான மூன்றாம் வகுப்பை அதன்பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

முதல் வாரம் உற்றுநோக்கல். பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர் என்ன செய்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாவது வாரம் எனக்குப் பாடம் கொடுத்தார்கள்: மூன்றாம் வகுப்புக் கணக்கு, இடமதிப்பு. பாடக்குறிப்பை மூன்று நாள் எழுதினேன். பிள்ளைகளுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று படித்திருக்கிறோம். மீனவர் ஊர், ஆகவே மீன். மீனைச் சிறு சிறு குவியலாகப் போட்டு விற்பதுதான் கூறு. 'ஒரு கூறில் பத்துச் சங்கரா மீன் என்றால் மூன்று கூறில் எத்தனை?' என்று ஆரம்பித்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான்.

"கூறுக்கு ஏது கணக்கு, டீச்சர்? பெரிய மீன் என்றால் நான்கு போடுவார்கள், சின்னது என்றால் அள்ளிப் போடுவார்கள். கடைசிக் கூறில் என்ன மிச்சமோ அதுதான்."

உடனே அறை முழுக்க அந்தப் பேச்சாகிவிட்டது. யார் பாட்டி கூறு எப்படிப் போடுவார், எந்த மீனை மேலே வைத்து எதை அடியில் தள்ளுவார் என்றெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து செய்தே காட்டினாள். பாடக்குறிப்பின் இரண்டாம் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

மாலையில் தலைமை ஆசிரியர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தென்னந்துடைப்பம் ஒன்றை எடுத்து வந்து அவிழ்த்து என் முன்னால் போட்டார். "ஈர்க்குச்சியை ஒரே அளவாக ஒடி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொல். கட்டுவது நீ இல்லை, அவர்கள்." அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் முப்பத்தி நான்கு என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி என்று பிள்ளைகளே சொன்னார்கள். முப்பத்தி நான்கில் எட்டைக் கழிக்க ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்தபோது அந்தச் சங்கராப் பையன், "கடன் வாங்குவது என்றால் இதுதானா?" என்றான். இரண்டு ஆண்டாக அந்தச் சொல்லை அவன் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த வாரமே எங்கள் நிறுவனத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். வந்தவர் தரையில் சிதறிக் கிடந்த குச்சிகளைப் பார்த்தார், என் பதிவேட்டைப் பார்த்தார், 'துணைக்கருவி தயாரிக்கப்படவில்லை' என்று எழுதினார். தெர்மாகோலில், வண்ணத் தாள் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவியதுதான் துணைக்கருவி. துடைப்பக்குச்சி சேராது. அன்றிரவு மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் 350 ரூபாய்க்குத் தெர்மாகோலும் கலர் பேப்பரும் வாங்கி, ஒரு மணி வரை உட்கார்ந்து இடமதிப்புப் பலகை ஒன்று செய்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. வகுப்பில் எட்டாத உயரத்தில் மாட்டினேன், எட்டினால் ஜிகினாவைச் சுரண்டிவிடுவார்கள்.

ஆனால் எல்லாக் கைப்பொருளும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பண்ருட்டிப் பக்கம் பயிற்சிக்குப் போன என் தோழி, அங்கே எளிதில் கிடைக்கிறதே என்று முந்திரிக்கொட்டையை எண்ணக் கொடுத்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓட்டோடு கடித்து, ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு உதடு வெந்துபோனது. அந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். என் தோழியின் ஊர் விருத்தாசலம், அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்றாள். அதன்பிறகு புளியங்கொட்டை.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆறு வாரத்தைச் சொல்ல முடியாது. பாடக்குறிப்பு, உற்றுநோக்கல், தனியாள் ஆய்வு, செயலாய்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த நோட்டு. பழுப்பு அட்டை, பக்கம் முழுக்க ஓரக்கோடு, தலைப்புக்குப் பச்சை மை. சிவப்பு மை ஆகாது, அது திருத்துபவருக்கு உரியது. பஸ்ஸில் எழுதினால் கையெழுத்து ஆடும், வீட்டில் எழுதினால் தூக்கம் வரும். என் தங்கை ஓரக்கோடு போட்டுக் கொடுத்தாள், ஒரு நோட்டுக்கு ஐஸ்கிரீம் ஒன்று என்று பேசி.

இவற்றில் தனியாள் ஆய்வுதான் எனக்கு உண்மையிலேயே எதையாவது காட்டியது. ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அதன் சிக்கலைக் கண்டறிந்து தீர்வு எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மூன்றாம் வகுப்பில் தினமும் தாமதமாக வரும் ஒரு பையனை. வருவான், உட்கார்வான், பதினோரு மணிக்குள் தூங்கிவிடுவான். புத்தகத்தில் படித்த வரிசைப்படி 'கவனக்குறைவு, ஊக்கமின்மை' என்று எழுதி, ஊக்குவிக்க நான்கு வழியும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். காலை உணவு சாப்பிடாத பிள்ளைகளின் பெயரை அவர் தமக்காகத் தினமும் அதில் குறித்துவைப்பார். அரசு கேட்கும் பதிவேடு அல்ல. "ஜூன் மாதத்தைப் பார்" என்றார். பள்ளி திறந்தது ஜூன் 2. அன்று முதல் இரண்டு வாரமும் அவன் பெயர் அந்த நோட்டில் இல்லை. அதாவது நேரத்துக்கு வந்து, உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டிருக்கிறான். ஜூன் 16 திங்கட்கிழமையிலிருந்து அநேகமாக எல்லா நாளும் பெயர் இருந்தது.

"ஏம்மா, கடலூர்க்காரி நீ. ஜூன் 14 என்ன நாள்?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது முடிந்து படகுகள் கரை திரும்பத் தொடங்கியதும், பையன் விடியற்காலையில் பாட்டியோடு துறைமுகத்துக்குப் போகிறான். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான். அம்மா இல்லாத வீடு. "கவனக்குறைவு என்று எழுதாதே. தூக்கம் என்று எழுது" என்றார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதினேன். தீர்வு என்ற இடத்தில் எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையல் செய்யும் குழுப் பெண்களிடம் பேசி அவன் பங்கை ஒரு தட்டில் மூடிவைக்க ஏற்பாடு செய்ததையும், கணக்குப் பாடத்தை மதியத்துக்கு மாற்றியதையும் எழுதினேன். வாரத்தில் மூன்று நாளாவது மதியம் விழித்திருந்தான். கூறுக் கணக்கைச் சொல்லிச் சிரித்த பையனும் இவன்தான். முதல் வரிசையில் உட்கார்வதே, அங்கே தூங்கினால் தலைமை ஆசிரியர் மேசை மறைக்கும் என்பதால்.

நடுவில் செப்டம்பர் 1 வந்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள். எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஓய்வு பெற ஏழு ஆண்டு இருந்தது. இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள், அதே தகுதித் தேர்வின் முதல் தாளுக்காக நான் பையில் வைத்திருந்த கையேட்டைக் கேட்டு வாங்கினார்.

அதன்பின் மதிய இடைவேளைகள் மாறிப்போயின. முதல் தாள் 150 வினா, ஐந்து பகுதி, பகுதிக்கு முப்பது. குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் நான் அவரைக் கேள்வி கேட்பேன். பியாஜே சொன்ன நான்கு நிலைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, "இவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்" என்பார். அவர் என்னைக் கேட்பது தமிழ் இலக்கணம். அதில் நான் தோற்பேன். மாணவியிடம் படிக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்குத்தான் கடைசிவரை போகவில்லை.

பயிற்சி முடிந்து பதிவேடுகளை ஒப்படைத்தேன். திரும்பி வந்தபோது துணைக்கருவிக்கு நல்ல மதிப்பெண், தெர்மாகோல் பலகையின் புகைப்படத்துக்கு. தனியாள் ஆய்வில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு டிக், எங்கும் ஒரு வார்த்தை இல்லை. ஓரக்கோடு நேராக இல்லை என்று மட்டும் ஓரிடத்தில் சிவப்பு மையில் சுட்டியிருந்தார்கள். தங்கையிடம் காட்டினேன், ஐஸ்கிரீமைத் திருப்பித் தர முடியாது என்றாள்.

நவம்பர் 15 அன்று முதல் தாளை நானும் தலைமை ஆசிரியரும் வேறு வேறு மையத்தில் எழுதினோம். மாலையில் அவரை அழைத்தேன். எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்பதற்குள், ஈர்க்குச்சி எல்லாம் ஒடிந்துவிட்டது, அடுத்த முறை வரும்போது ஒரு துடைப்பம் வாங்கி வா என்றார்.