முள்ளோடைக்கு இந்தப் பக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் வரலாறும் அரசியலமைப்பும் நடத்துகிறேன். எங்கள் வகுப்பில் கடலூர்ப் பிள்ளைகளோடு புதுச்சேரிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துக்கெல்லாம் கடலூர்தான் கிட்டே. பஸ்ஸில் வரும்போது எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டியதே தெரியாது. ஒயின் ஷாப் வரிசை முடிந்தால் தமிழ்நாடு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கு எடுக்கும் சக ஆசிரியர் ஒவ்வொரு பேட்சிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "பாஸ் பண்ணிட்டு லவ் பண்ணுங்கப்பா, யாரு கேக்கப் போறா." பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அந்த அறிவுரையில் நம்பிக்கை கிடையாது. காதலித்ததால் படிப்பைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காதலித்துக்கொண்டிருந்த ஒரு பாகூர்ப் பையனுக்கும், தமிழ்நாட்டுப் பக்கத்து ரெட்டிச்சாவடிப் பெண்ணுக்கும் படிக்கிற வரைக்கும் ஒரு குறையும் வரவில்லை. பாஸ் பண்ணிய பிறகுதான் வந்தது.

அவர்கள் விஷயம் எனக்குத் தெரிந்ததே ஒரு மாதிரித் தேர்வில்தான். கீழூர் வாக்கெடுப்பு பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஆதரவு எத்தனை என்பது கேள்வி. இரண்டு பேரும் 178 என்று குறித்திருந்தார்கள். அவசரத்தில் யாரும் செய்யக்கூடிய தப்புதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த தப்புகளும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. காப்பியடிக்க வழியில்லை, அவன் கடைசி வரிசை, அவள் முதல் வரிசை. அவள் நோட்டை வாங்கிப் புரட்டினால் பாதிப் பக்கங்கள் அவன் கையெழுத்து. ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். புதுச்சேரியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அவனுக்கு யாப்பும் புணர்ச்சியும் தகராறு. அவளுக்குத் தனிவட்டி, கூட்டுவட்டி என்றாலே காய்ச்சல். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துத்தான் இரண்டு பேரும் மேலே வந்தார்கள். அந்த பேட்சில் அவர்கள் அளவுக்கு மதிப்பெண் ஏறியவர்கள் குறைவு. "பாஸ் பண்ணிட்டா வீட்ல பேச தைரியம் வந்துரும் சார்" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

2022 ஜூலை 24-ல் தேர்வு. முடிவு வந்தது 2023 மார்ச்சில். எட்டு மாதம் காத்திருந்த பிள்ளைகள் பட்ட பாட்டை எழுத இங்கே இடம் போதாது. ரிசல்ட்டில் அவனுக்கு அவளைவிட மதிப்பெண் கூட. வேலை கிடைத்தது அவளுக்கு.

இதில் தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. வெளிமாநிலத்தவர் டிஎன்பிஎஸ்சி எழுதலாம், ஆனால் பொதுப்பிரிவில் மட்டும்தான் போட்டியிட முடியும். அவன் சாதிச் சான்றிதழ் பாகூரில் செல்லும், கடலூரில் செல்லாது. ரெட்டிச்சாவடியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் வீடு, என்றாலும் விண்ணப்பத்தில் அவன் வெளிமாநிலம். இது அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் பொதுப்பிரிவு கட்-ஆஃபைத் தொட்டுவிடலாம் என்று படித்தான். கிட்டத்தில் போய் நின்றுவிட்டது.

அவள் கவுன்சலிங்குக்குச் சென்னை போனாள். ரேங்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். இவள் முறை வருவதற்குள் கடலூர், விழுப்புரம் எல்லாம் நிரம்பிவிட்டன. தெற்கே ஒரு மாவட்டத்தில் இளநிலை உதவியாளர் இடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் அவனுக்கும் புதுச்சேரி அரசில் எழுத்தர் வேலை வந்தது. போஸ்டிங் மாஹே. புதுச்சேரி என்றால் காரைக்காலும் ஏனாமும் மாஹேயும் சேர்த்துத்தான் என்று வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறேன். அது அரசு ஊழியனுக்கு என்ன அர்த்தம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது சதுர கிலோமீட்டர் ஊர், கடல் பக்கம் போக சுற்றிலும் கேரளா, ஆபீஸுக்கு வருகிறவர்கள் பேசுவது மலையாளம்.

இப்போது இரண்டு பேருக்கும் வேலை இருந்தது, வீட்டில் பேச தைரியமும் இருந்தது. பேசினார்கள். சாதி பெரிய தடையாக நிற்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். நின்றது வேலை. தமிழ்நாடு அரசுப் பணியிலிருந்து புதுச்சேரி அரசுப் பணிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போக முடியாது; இரண்டும் வேறு வேறு அரசு. சேர்ந்து வாழ்வதென்றால் ஒருவர் ராஜினாமா செய்ய வேண்டும். அவன் வீட்டில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்: "பொண்ணு வேலையை விட்டுட்டு வரட்டும், இங்க வந்து பரீட்சை எழுதட்டும்." அவன் அதை அவளிடம் சொல்லவே இல்லை. அவளுக்கு எப்படியோ காதுக்குப் போய்விட்டது. அவளும் "நீ வேலையை விடு" என்று அவனைக் கேட்கவில்லை. குரூப் 2 எழுதி மேலே போவது அவள் கனவு, அது அவனுக்குத் தெரியும். கேட்டிருந்தால் யாராவது ஒருவர் விட்டிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்காமல் இருந்ததற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். கணக்கு ஆசிரியர் இதைக் கோழைத்தனம் என்கிறார்.

சண்டை எதுவும் வரவில்லை. போன் குறைந்தது, அவ்வளவுதான். அவள் கல்யாணம் ஆவணியில் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயில் மலையில் நடந்தது. ஆவணி முகூர்த்தத்தில் அந்த மலையில் எத்தனை ஜோடி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று கண்டுபிடிப்பதே பெரிய காரியம். கல்யாணத்துக்கு முன்னாடி அவன் எனக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தான். "மொய் வைங்க சார். என் பேரு வேணாம், உங்க பேர்லயே எழுதிருங்க." அப்படியே செய்தேன். என் வருமானத்துக்கு அது பெரிய தொகை என்று பெண்ணின் அப்பாவுக்குத் தெரியும். ஒரு மாதிரி பார்த்தார்.

சமீபத்தில் மாஹேயிலிருந்து போன் செய்தான். எஸ்எஸ்சி தேர்வுக்குப் பழைய வினாத்தாள் வேண்டுமாம். மத்திய அரசுத் தேர்வு, தமிழ்நாடு புதுச்சேரி என்ற பேச்சே இல்லை. "இதை அன்னைக்கே ரெண்டு பேரும் எழுதியிருக்கலாமேப்பா" என்று வாய்வரை வந்தது. அவனே முந்திக்கொண்டான். "தெரியும் சார். இப்ப இது வேலைக்கு மட்டும்தான்." வரலாற்றுப் பகுதிக்கு என்னிடம் இருந்ததையெல்லாம் அனுப்பிவைத்தேன். கணக்குக்குக் கணக்கு ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். உடனே கொடுத்துவிட்டார்.