அழவே மாட்டான், அவ்வளவு சமத்து

போன வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு போன். நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. "மேடம், நேத்து ராத்திரி அவன் அழுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வாசப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் அழுதான்? முக்கால் மணி நேரம். கண்ணீர் வந்ததா? "வந்துச்சு மேடம், மூக்கெல்லாம் ஒழுகி என் நைட்டி பூரா நனைஞ்சுபோச்சு." நல்லது, ரொம்ப ரொம்ப நல்லது என்று சொன்னேன், அவரும் "ஆமா மேடம், ஆமா மேடம்" என்கிறார். பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் பற்றி என்ன தோன்றியிருக்குமோ தெரியாது.

அந்தப் பையனுக்கு மூன்றரை வயது. தத்தெடுத்து வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அழவில்லை. ஒருமுறை திண்ணையிலிருந்து விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் வந்தபோது, ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து, உள்ளங்கையால் ரத்தத்தைத் துடைத்து, அந்தக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விளையாடப் போயிருக்கிறான். அம்மா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, யாராவது வருகிறார்களா என்று. சொந்தக்காரர்கள் எல்லாம் "எப்பேர்ப்பட்ட சமத்துப் புள்ள, யார்கிட்ட வேணாலும் போகுது, அழவே மாட்டேங்குது" என்று கொண்டாடினார்கள். அவருக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்திருக்கிறது, அதனால்தான் என்னைத் தேடி வந்தார். தத்தெடுத்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர், வயது, இன்னும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழே வரும் மற்றவர்களுக்கும் அப்படித்தான்.)

அழாத குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பயம். இந்தப் பயம் வர எனக்குச் சில வருடங்கள் ஆயின, அதற்கு விலை கொடுத்தது நானல்ல.

நான் சமூகப்பணி படித்துவிட்டு 2005இல் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேலம் என்றால் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொட்டில்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இங்கேதான், 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று மற்ற மாவட்டங்களுக்கும் போனது. வளர்க்க முடியாவிட்டால் கொன்றுவிடாதீர்கள், இங்கே விட்டுவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்பதுதான் திட்டம். அதனால் பிழைத்த பெண்கள் இன்று கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிறார்கள், சில பேரை எனக்கே தெரியும். ஆனால் உயிர் பிழைத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். அப்போது என் வேலை, தத்துக் கொடுத்த குழந்தை எப்படி இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது. ஒரு வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. நான் போனதும் ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொண்டது, கிளம்பும்போது என்னோடு வரத் தயாராகச் செருப்பு மாட்டிக்கொண்டது. "குழந்தை அமைதியாக, எல்லோரிடமும் அன்பாக உள்ளது. நன்கு பழகிவிட்டது" என்று எழுதினேன். என் கையெழுத்தில்.

அவளுக்கு ஏழு வயதானபோது பெற்றோர் திரும்ப வந்தார்கள். கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறப் போயிருக்கிறாள். வீட்டில் யாராவது அதட்டினால் பையில் துணி எடுத்து வைத்துக்கொள்வாளாம். அழமாட்டாள், கோபப்படமாட்டாள், துணியை மடித்து அடுக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த இடத்துக்கு எப்போது அனுப்புவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள், ஐந்து வருடமாக. நான் எழுதிய ரிப்போர்ட் நடுவில் இருந்தது, நன்கு பழகிவிட்டது என்று.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். லண்டனில் 1940களின் கடைசியில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையை அம்மா அப்பா எப்போதாவதுதான் பார்க்க முடியும். குழந்தை முதலில் கத்தி அழும், அப்புறம் சோர்ந்து சுருண்டு கிடக்கும், அதற்கும் அப்புறம் சிரித்து எல்லோரிடமும் போகும், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாவது கட்டத்தைப் பார்த்து நர்சுகள் "செட்டில் ஆயிடுச்சு" என்று நிம்மதியடைந்தார்கள். ராபர்ட்சன் சொன்னது, அது நிம்மதி இல்லை, குழந்தை நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது என்று. ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் இதையெல்லாம் சேர்த்துத்தான் தாய்-சேய்ப் பிணைப்பு பற்றிய தன் கருத்தை வளர்த்தார். படிக்கப் படிக்க எனக்கு அந்தச் செருப்பு மாட்டிய குழந்தைதான் கண்ணுக்குள் நின்றது.

இதில் குழந்தைகள் இல்லத்து ஆயாம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் பார்த்த இடங்களில் ஓர் ஆயாம்மாவுக்கு ஆறேழு குழந்தைகள், ஒன்றுக்குப் பால் கொடுக்கும்போது இன்னொன்று நனைத்திருக்கும், ஷிஃப்ட் முடிந்தால் வேறொருவர் வருவார், எல்லோருக்கும் பெயர் "அம்மா"தான். அவர்கள் சம்பளத்துக்கு மேல் பாசம் வைத்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? அழுதால் சில சமயம் யாராவது வருவார்கள், சில சமயம் வரமாட்டார்கள், வருகிறவர் நேற்று வந்தவர் இல்லை. கொஞ்ச நாளில் அழுவதை நிறுத்திவிடுகிறது. அழுகை என்பது ஒருவரைக் கூப்பிடுவது, கூப்பிட ஆள் இல்லை என்று தெரிந்தபின் எதற்குக் கூப்பிட வேண்டும்? ருமேனியாவில் 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து அங்கிருந்த அநாதை இல்லங்களை வெளியுலகம் பார்த்தபோது, உள்ளே போனவர்களைத் தூக்கிவாரிப்போட்டது அங்கிருந்த அமைதிதான் என்பார்கள், தொட்டில் தொட்டிலாகக் குழந்தைகள், சத்தமே இல்லை. பிறகு 2000இல் புகாரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள், பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி வருடக்கணக்காகப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் பெரும்பாலும் இன்னும் நன்றாக. பெற்றோரிடம் இதை நான் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. "குழந்தைக்கு என்ன தெரியும், எல்லாம் மறந்துடும்" என்று சொல்கிற மாமியாருக்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்காக.

மறப்பதில்லை. ஒரு தம்பதி பதினோரு மாதக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இல்லத்திலிருந்து கூடவே ஒரு பழைய சிவப்புத் துண்டு வந்தது, ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பால் வாடையும் பினாயில் வாடையும் கலந்து. புது அம்மா ஆசை ஆசையாகத் தொட்டில், மெத்தை, யானை பொம்மை எல்லாம் வாங்கி வைத்திருந்தவர், வந்த அன்றே அந்தத் துண்டைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுத் துவைத்துக் காயவைத்துவிட்டார். யார் இருந்தாலும் அதைத்தான் செய்வோம். குழந்தை மூன்று நாள் சரியாகப் பால் குடிக்கவில்லை. துண்டைக் கொடுத்தால் முகத்தில் வைத்து மோந்துவிட்டு கீழே போட்டுவிடும், மறுபடி எடுக்கும், மோக்கும், போட்டுவிடும். அந்த அம்மா அதை நடித்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து குழந்தையை அழைத்துவரப் போகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: அங்கிருந்து வருகிற துணியைத் துவைக்காதீர்கள். அங்கே என்ன சோப்பு போடுகிறார்கள், என்ன பவுடர், தூங்கவைக்க என்ன பாட்டு என்று ஆயாம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நமக்கு அது வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள், ஜிலேபி வாங்கி ஊருக்கே கொடுக்கிறோம், குழந்தைக்கு அன்று தெரிந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன நாள்.

இப்போது எல்லாம் ஆன்லைன். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், நாடு முழுக்க 30,000 பேருக்கு மேல் வரிசையில். முறை வந்ததும் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் வரும், 48 மணி நேரத்துக்குள் சரி சொல்ல வேண்டும். முன்பு கோர்ட் கொடுத்த தத்து உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர் கொடுக்கிறார். குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் வந்து பார்ப்பார்கள். இரண்டு வருடம் போதாது. எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஏழு வயதிலும் பன்னிரண்டு வயதிலும்தான் வருகின்றன, அதற்குள் ஃபைலை மூடிக் கட்டி வைத்திருப்பார்கள். இதை நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஏழு வயதில் என்ன ஆகிறது? கேள்வி வருகிறது. ஒரு விடுமுறைக்கு எல்லோரும் பாட்டி வீட்டில் கூடியிருக்கிறார்கள். சித்தப்பா தன் மகளைச் சீண்டுகிறார், நம் ஊரில் காலங்காலமாகச் சீண்டுகிற அதே பேச்சு, "உன்ன தவிட்டுக்குத்தான் வாங்குனோம்." அந்தப் பெண் சிணுங்கிக்கொண்டு அப்பாவை அடிக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த அண்ணன் மகள், தத்தெடுத்த குழந்தை, தான் தத்துக் குழந்தை என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று ராத்திரி படுக்கும்போது கேட்டிருக்கிறாள், "அம்மா, என்ன எவ்ளோ தவுட்டுக்கு வாங்குனீங்க?"

எல்லாப் பிள்ளைகளையும் சொல்வதுதானே, ஏன் இவளுக்கு மட்டும் அது உறைத்தது? வீட்டில் பேச்சு சட்டென்று நிற்பது, அவள் ஜாடை யாரைப் போல என்று யாராவது கேட்டால் அம்மா எழுந்து உள்ளே போவது, கோயிலில் குருக்கள் நட்சத்திரம் கேட்கும்போது "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்வது, இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். (கண்டெடுத்த குழந்தைக்குப் பிறந்த தேதியே டாக்டர் வயதைக் கணித்து எழுதுவதுதான். ஜாதகம் எழுத முடியவில்லையே என்று தாத்தா பாட்டி மறுகுவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, அது அவர்களுக்கு உண்மையான வலி.) அம்மா பதறிப்போய் அப்படியெல்லாம் இல்லை தங்கம் என்று சொல்லிவிட்டு மறுநாள் என்னிடம் வந்தார்.

"இல்லை" என்று சொன்னதை முதலில் சரிசெய்தோம். என் அறையில் பாய்தான், மேசை நாற்காலி வைத்துக்கொள்வதில்லை, குழந்தையோடு பெற்றோரும் கீழே உட்கார வேண்டும். இரண்டு வாரம் அம்மாவோடும் அப்பாவோடும் தனியாகப் பேசினேன். குழந்தையைவிட அவர்களுக்குத்தான் அதிக நேரம் ஆகிறது, எப்போதுமே. எத்தனை வருட சிகிச்சை, எத்தனை பேர் கேட்ட "ஏதாச்சும் விசேஷம் உண்டா", கலைந்துபோன கருக்கள், யாரிடமும் சொல்லாத அழுகை. அதெல்லாம் கிடக்கும்போது மகளின் கேள்வி "நீ என் அம்மா இல்லையா" என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. அவள் கேட்டதோ "நான் எங்கிருந்து வந்தேன்" என்பது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நால்வரும் எழுதினோம். முதல் பக்கத்தில் அவள் பிறந்ததை எழுதினோம். பெரும்பாலான வீடுகளில் கதை "உன்னை நாங்கள் கூட்டிவந்த நாள்" என்றுதான் தொடங்கும். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, ஒரு வயிற்றில் இருந்தாள், யாரோ ஒருவர் அவளைத் துணியில் சுற்றி, ஆட்கள் பார்க்கிற இடத்தில் வைத்தார். "அவங்க பேரு என்ன?" தெரியாது. "ஏன் வச்சுட்டுப் போனாங்க?" அதுவும் தெரியாது. "அவங்களுக்கு என்ன புடிக்கலையா?" இந்த இடத்தில் ஏதாவது அழகான கதை சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் துடிக்கும். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து, "தெரியல பாப்பா. எனக்கும் அவங்கள கேக்கணும்னுதான் இருக்கு" என்றார். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணை வரைந்தாள், முகம் போடாமல், தலையில் பூ மட்டும் வைத்து.

அவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. பதினெட்டு வயதானால் தன் வேர்களைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இருப்பதும் அவளுக்குத் தெரியும். தொட்டிலிலும் குப்பைமேட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிடைத்த பிள்ளைகளுக்குத் தேடிப் போக ஒரு காகிதமும் இருக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.

சரி, அந்தப் பையன். முக்கால் மணி நேரமும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தூக்கப் போனாராம், காலால் உதைத்துத் தள்ளியிருக்கிறான். நான் சொல்லியிருந்தபடி ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அவன் காலை மட்டும் நீட்டி அவர் மடிமேல் வைத்தானாம். அப்புறம்தான் மீதி உடம்பும் வந்திருக்கிறது.

"இன்னைக்கு ராத்திரியும் அழுவானா மேடம்?"

அழலாம் என்றேன். மத்தியானம் அவனோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் தூங்கிவிடுங்கள், முடிந்தால் அவரையும் ஒருநாள் லீவு போடச் சொல்லுங்கள், அந்த நைட்டியை இன்றைக்குத் துவைக்க வேண்டாம்.