பிஸ்கட் மூடிய பீஃப் கேசரோல்: அடிமாவும் வேக வேண்டும்

அமெரிக்காவில் பிஸ்கட் என்றால் டீயில் தோய்த்துச் சாப்பிடும் மொறுமொறுப்பான பிஸ்கட் கிடையாது. பேக்கிங் பவுடர் போட்டு உப்பவைத்த, கையால் பிட்டால் ஏடு ஏடாகப் பிரிகிற, மெத்தென்ற சின்ன ரொட்டி அது. தென் மாநிலங்களில் காலையில் வெண்ணெயோ கிரேவியோ வைத்துச் சாப்பிடுவார்கள். அந்த மாவைப் பச்சையாகவே கொதிக்கும் கறிக்குழம்பின் மேல் அடுக்கி ஓவனில் வைத்தால் குழம்பும் ரொட்டியும் ஒரே பாத்திரத்தில் தயாராகிவிடும், இப்படி ஒரே பாத்திரத்தில் ஓவனில் வேகும் உணவுதான் கேசரோல். மேல்பக்கம் பொன்னிறமாக முறுகியிருக்கும், அடிப்பக்கம் குழம்பைக் குடித்து இட்லிபோல் மிருதுவாக இருக்கும். குளிர்கால இரவுக்கு இதைவிட இதமான சாப்பாடு குறைவு.

செய்வது சுலபம்தான். ஆனால் பலருக்கும் ஒரே இடத்தில் சறுக்குகிறது. மேலே அழகாகச் சிவந்திருக்கும். கரண்டியை விட்டு ஒரு பிஸ்கட்டைப் புரட்டினால் அடியில் அரை சென்டிமீட்டருக்கு வேகாத மாவு பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். தனியாகத் தட்டில் சுடும் பிஸ்கட்டுக்கு அடியில் காய்ந்த தகரம் இருக்கிறது, அதனால் கீழிருந்தும் நல்ல சூடு ஏறும். கேசரோலில் அடியில் இருப்பது குழம்பு. அது எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆறிய குழம்பின் மேல் மாவை வைத்தால் குழம்பு சூடேறவே அரை மணி நேரம் போய்விடும், அதற்குள் மேல்பக்கம் கருகிவிடும். ஆகவே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட்டை வைத்து, அந்த நிமிடமே ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். கீழே சொல்வதில் பாதி இந்த ஒன்றுக்காகத்தான்.

இந்த அளவு ஆறு பேருக்குச் சரியாக இருக்கும். பாத்திரம் 23 சென்டிமீட்டர் சதுரமாக, 5 சென்டிமீட்டர் ஆழமாக இருக்கட்டும். 26 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆழமான வார்ப்பிரும்புச் சட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கறியை அதிலேயே வதக்கி, கொதித்த சட்டியை அப்படியே ஓவனில் வைத்துவிடலாம், இடையில் சூடு இறங்காது. கண்ணாடிப் பாத்திரத்தில் கவனம் வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் குழம்பை ஊற்றினாலும், சூடான கண்ணாடியை ஈர மேடையில் வைத்தாலும் விரிசல் விட்டுச் சிதறலாம். முதலில் வெந்நீர் ஊற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கி, துடைத்துவிட்டுப் பிறகு குழம்பை மாற்றுங்கள். அடுப்பு நெருப்பில் கண்ணாடியை வைக்கவே கூடாது.

குழம்புக்கு வேண்டியவை: 700 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு ஒன்று, பூண்டு மூன்று பல், தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, மைதா 3 மேசைக்கரண்டி, பீஃப் ஸ்டாக் (மாட்டு எலும்பு வேகவைத்த சாறு) 500 மில்லி, வூஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி, காய்ந்த தைம் இலை 1 தேக்கரண்டி, உறைந்த பச்சைப் பட்டாணி ஒரு கப், மிளகுத்தூள், உப்பு.

பிஸ்கட்டுக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், பட்டர்மில்க் 180 மில்லி. துருவிய செடார் சீஸ் 75 கிராம் சேர்த்தால் ருசி கூடும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

அமெரிக்கக் கடைகளில் கொத்துக்கறிப் பொட்டலத்தின்மேல் 80/20, 85/15, 90/10 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் கறி, இரண்டாவது கொழுப்பு. இதற்கு 85/15 பொருத்தம். 90/10 வாங்கினால் கறி மணல்போல் உதிர்ந்து வறண்டுவிடும். 80/20 வாங்கினால் வடித்துக் கொட்ட வேண்டிய கொழுப்பு அதிகம். கறிக்கடையில் அரைக்கச் சொல்லி வாங்குகிறவர்கள் கொழுப்பை முழுக்கச் செதுக்கிவிடாமல், ஏழில் ஒரு பங்கு இருக்கும்படி விடச் சொல்லுங்கள். ஒருமுறை அரைத்தால் போதும். இரண்டு முறை அரைத்த கறி குழம்பில் கூழாகிவிடும்.

கறியைச் சிவக்க வறுப்பதில்தான் குழம்பின் ருசி இருக்கிறது. சட்டி நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பிப் போட்டு, நான்கைந்து நிமிடம் கரண்டியே போடாதீர்கள். போட்டவுடனே கிளறினால் கறி விடும் தண்ணீரிலேயே அது வெந்து, சாம்பல் நிறத்தில் சப்பென்று நிற்கும். முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கிற சளசளச் சத்தம் கேட்கும். தண்ணீர் வற்றியதும் அது பொரிகிற சடசடச் சத்தமாக மாறும். அந்த மாற்றம் கேட்ட பிறகு புரட்டுங்கள், அடியில் பழுப்புப் பொருக்கு பிடித்திருக்கும். சட்டி சிறியதானால் கறியை இரண்டு தடவையாகப் போட்டு வறுக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பச்சைக் கறியில் பிசிறி 15 நிமிடம் வைத்தால், கறி தன் நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், ஆகவே கால் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

கறியை எடுத்து வைத்துவிட்டுச் சட்டியில் எவ்வளவு கொழுப்பு நிற்கிறது என்று பாருங்கள். 2 மேசைக்கரண்டி வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். முழுவதையும் விட்டால் அது குழம்பின்மேல் மிதந்து பிஸ்கட்டுக்குள் ஏறும், அடிப்பக்கம் எண்ணெய் கோத்த பஜ்ஜிபோல் ஆகிவிடும். வடித்ததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இருக்கும் கொழுப்பில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் 8 நிமிடம் வதக்குங்கள். கேரட்டைப் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். பெரிய துண்டு ஓவனில் இருக்கும் இருபது சொச்ச நிமிடத்தில் வேகாது. உருளைக்கிழங்கு சேர்க்க விரும்பினால் முன்பே வேகவைத்துப் போடுங்கள். தக்காளியின் புளிப்பு இருக்கும் குழம்பில் பச்சைக் கிழங்கு வேகவே மறுக்கும். பூண்டும் தக்காளி பேஸ்டும் போட்டு, பேஸ்டின் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும்வரை வதக்கி, மைதாவைத் தூவி இன்னும் ஒரு நிமிடம் கிளறுங்கள், பச்சை மாவு வாடை போய்விடும். பிறகு ஸ்டாக்கைக் கால்வாசி ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். சட்டியின் அடியில் பிடித்த பழுப்பைக் கட்டைக் கரண்டியால் சுரண்டிக் குழம்போடு சேர்த்துவிடுங்கள். கறி, வூஸ்டர் சாஸ், தைம், மிளகு போட்டு 10 நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், ஸ்டாக்கிலும் சாஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பதம் பார்க்க, கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு விநாடி நின்று பிறகு மூடிக்கொண்டால் சரி. உடனே மூடிக்கொண்டால் குழம்பு நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். பிஸ்கட் அமிழ்ந்து கொழுக்கட்டைபோல் ஆகிவிடும், இன்னும் சில நிமிடம் வற்றவையுங்கள். கோடு மூடவே இல்லையென்றால் கெட்டி. பிஸ்கட் இன்னும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், பிறகு கறி காய்ந்துபோகும். அரைக் கப் ஸ்டாக்கோ வெந்நீரோ சேர்த்துத் தளர்த்திவிடுங்கள். உறைந்த பட்டாணியைக் கடைசியில் அப்படியே போடலாம். ஆனால் ஒரு கப் பனிக்கட்டியாக இருக்கும் பட்டாணி குழம்பின் கொதியை அடக்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போட்ட பிறகு மறுபடி கொதிவர வேண்டும்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் முன்பே சூடாக்கி வையுங்கள். ஃபேன் ஓடும் ஓவனானால் 200 போதும்.

பிஸ்கட் மாவுக்கு வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும். 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவினால் வேலை எளிது. மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பைக் கலந்து, துருவிய வெண்ணெயை (சீஸ் சேர்ப்பதானால் அதையும்) போட்டு விரல்நுனியால் பிசிறுங்கள். பட்டாணியும் அவலும் போல வெண்ணெய்த் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவனில் அந்தத் துணுக்கு உருகி, அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கும், அந்த இடைவெளிதான் ஏடு. வெண்ணெய் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் ஏடு வராது.

பட்டர்மில்க் என்று அமெரிக்காவில் விற்பது நம் வீட்டு மோரைவிடக் கெட்டி, கடைந்த தயிர்போல் இருக்கும். அதற்குப் பதிலாக 120 மில்லி புளித்த தயிரில் 60 மில்லி பால் கலந்துகொள்ளலாம். புளிப்பு தேவை, சோடா அதோடு சேர்ந்துதான் பொங்கும். பேக்கிங் பவுடர் பழையதா என்று சந்தேகம் வந்தால் கால் கப் கொதிநீரில் அரைத் தேக்கரண்டி போடுங்கள், புஸ்ஸென்று நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பட்டர்மில்க்கையோ தயிர்க் கலவையையோ ஊற்றி முட்கரண்டியால் கலந்து, மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் ரப்பராகிவிடும். மாவு தூவிய மேடையில் தட்டி, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடித்து, மறுபடி தட்டுங்கள். இப்படி மூன்று தடவை. கடைசியில் 18 சென்டிமீட்டர் சதுரமாக, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மாவில் தோய்த்த கத்தியால் ஒன்பது சதுரமாக வெட்டுங்கள். கத்தியை இழுக்காமல் நேராக அழுத்த வேண்டும், இழுத்தால் ஓரத்து ஏடுகள் ஒட்டிக்கொண்டு உயராது. டம்ளரால் வட்டமாக வெட்டுவதைவிட இது மேல், மாவு மிஞ்சாது.

கொதிக்கும் குழம்பின்மேல் மூன்று வரிசையாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு. நெருக்கி மூடினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிமாவிலேயே தங்கும். இடைவெளியில் குழம்பு பொங்குவது தெரிந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. மேலே உருக்கிய வெண்ணெய் தடவி, கீழ்த்தட்டில் ஒரு தகரத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள், குழம்பு ஓரத்தில் வழியும். 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஓடிஜி போன்ற சிறிய ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் கீழ்த்தட்டில் வையுங்கள். 15 நிமிடத்திலேயே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நட்டநடு பிஸ்கட்டை முட்கரண்டியால் மெல்ல நெம்பி அடியைப் பாருங்கள். மேல் இரண்டு பங்கு பஞ்சுபோலவும், குழம்பு தொடும் இடம் ஈரமாகவும் ஆனால் பசையில்லாமலும் இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் பிஸ்கட்டின் நடுவில் 93 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் பரிமாறாமல் 10 நிமிடம் விடுங்கள், குழம்பு இறுகி நிற்கும்.

கடையில் குளிரூட்டி விற்கும் டப்பா பிஸ்கட் மாவிலும் இதைச் செய்வார்கள். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் லைவ்லி வில்லோபி என்பவர் 1931-ல் அந்த டப்பா முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பில்ஸ்பரி நிறுவனம் அதை நாடெங்கும் பரப்பியது. நேரமில்லாதபோது அது நல்ல துணைதான், ஆனால் பெரிய பிஸ்கட்டை முழுசாக வைத்தால் நடு வேகாது. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டிப் பரப்பி, டப்பாவில் போட்டிருக்கும் வெப்பநிலையில் சுடுங்கள். அதேபோல் ஸ்டாக்கும் மைதாவும் இல்லாமல் கேம்ப்பெல் நிறுவனம் டப்பாவில் விற்கும் காளான் கிரீம் சூப்பை ஊற்றுகிற வழக்கமும் உண்டு. 1934-ல் அந்த சூப் வந்ததிலிருந்து அமெரிக்கக் கேசரோல்களின் பாதி அதில்தான் நிற்கிறது. மினசோட்டாப் பக்கம் இந்த வகைச் சாப்பாட்டுக்கே ஹாட்டிஷ் என்று பெயர். சூப் விட்டால் தனியாக உப்பு போடாதீர்கள். வறுத்த கறியின் ருசி அதில் அமுங்கிவிடுகிறது என்பதால் ஸ்டாக் குழம்பே மேல்.

முன்கூட்டிச் செய்ய வேண்டுமானால் குழம்பை மட்டும் செய்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். வெட்டிய பிஸ்கட்டைத் தனியாக உறையவைத்து, உறைந்தபடியே கொதிக்கும் குழம்பின்மேல் வைத்து ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். இரண்டையும் சேர்த்து அடுக்கி இரவு முழுக்க வைத்தால் மாவு குழம்பை உறிஞ்சி ஊறி, பேக்கிங் பவுடரின் வேகமும் போய், காலையில் கிடைப்பது களி.

மிஞ்சியதை மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மைக்ரோவேவில் பிஸ்கட் தோல்போல் இழுக்கும். 175 டிகிரி ஓவனில் முதல் 10 நிமிடம் தாள் மூடியும், கடைசி 5 நிமிடம் திறந்தும் வைத்தால் மேல்பக்கம் மறுபடி முறுகிவிடும்.