ஈஸ்வர வருஷம், மாசி மாதம்

மார்ச் 2

மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவின் வாழ்க்கையை எழுதிவைக்க, அவர் தகரப் பெட்டியைத் திறந்தாயிற்று. சிவப்பு அடையாள அட்டை, ஏரோகிராம் கடிதங்கள் பதினொன்று, கேசட் இரண்டு, பால்வெட்டுக் கத்தி ஒன்று, ஜப்பான்காரன் காலத்துப் பத்து டாலர் வாழைமர நோட்டு (வாழைமரப் படம் போட்டது) நாலு.

எதையும் லேமினேட் செய்யக் கூடாது. சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. கிழிந்த மடிப்பில் செலோடேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். அமிலமில்லாத தாளில் உறை செய்து வைத்தால் போதும். ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் (தரம் குறையாத படக்) கோப்பு. கடிதத்தின் பின்பக்கமும் வேண்டும். எழுத்தில்லை என்று விட்டால் தபால் முத்திரைத் தேதி போயிற்று.

மார்ச் 5

வயசு இடிக்கிறது. அட்டையில் பிறந்த ஆண்டு 1920. மலாயாவில் ஆட்களைப் பதிந்து அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தது 1948-ல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அங்கே அறிவித்த அவசரகாலத்தில். பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு வாய் சொன்னதுதான் கணக்கு. அவர் வீட்டில் சொன்னதோ "துந்துபி வருஷம் ஐப்பசி". அது 1922 அக்டோபர் - நவம்பர். இரண்டில் எது என்றால், தமிழ் வருஷம்தான் என் கட்சி. ஆபீசில் கேட்டதற்குச் சொன்ன எண்ணைவிடப் பெற்றவள் சொல்லிக் கேட்ட மாதம் பிசகுவது குறைவு.

கப்பல் ஏறியது "ஈஸ்வர வருஷம் மாசி". இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பட்டியலில் ஈஸ்வர என்றால் 1937 என்று இருக்கும், அப்படியே எழுதிவிடுவார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆக 1938 பிப்ரவரி - மார்ச். அந்த ஜூனில்தான் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. சில மாதம் தள்ளியிருந்தால் ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போயிருக்க முடியாது. போகும்போது பதினைந்து முடிந்து பதினாறு நடப்பு.

மார்ச் 6

கப்பல் பெயர் எழுதவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறிய யாரைப் பற்றிக் கேட்டாலும் "ரஜூலா" என்பார்கள். அது 1926-ல் கட்டிய கப்பல், காலம் பொருந்துகிறது. ஆனால் அந்தத் தடத்தில் வேறு கப்பல்களும் ஓடின. சீட்டு கிடைக்கிறவரை வெறும் "கப்பல்".

மார்ச் 9

கேசட். எடுத்தவுடன் பிளேயரில் போட்டால் அறுந்துவிடும், வருஷக்கணக்கில் ஒரே பக்கம் சுற்றி இறுகிய நாடா அது. முதலில் பென்சிலை நுழைத்துக் கையால் நாலைந்து சுற்று. இளகினால் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். ஒன்றில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சுத் துண்டு கழன்று கிடந்தது. அது இல்லாவிட்டால் நாடா பிளேயரின் ஹெட்டில் அழுந்தாது, குரல் மங்கும். திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் சுருளை மாற்றி வைத்ததும் குரல் தெளிந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் ஓட்டக் கூடாது, நகலில் மட்டும். இரைச்சலோடு அவர் இருமலும் போகும், இழுத்துச் சொல்லும் சொல்லும் போகும்.

மார்ச் 10

கேசட்டின் முதல் பக்கம் எழுத்தாகிவிட்டது. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), நிரை (ஒருவர் வெட்டும் மர வரிசை), மங்கு (பால் வடியும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்), காண்டா வாளி (தோள் கம்பில் தூக்கும் வாளி): எதையும் மாற்றவில்லை. மங்கை "ரப்பர் சேகரிக்கும் கிண்ணம்" என்று திருத்தினால் பேசுவது அவராக இருக்காது.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் சில வரிகள் புரிகின்றன. "எடது மேல, வலது கீழ" என்கிறார். பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். வெட்டுக்கு வெட்டு சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஆழம் குறைந்தால் பால் குறைவு. கூடிப்போய்க் கத்தி கட்டையைத் தொட்டால் காயம் முண்டு முண்டாக ஆறும். புதுப்பட்டை வளர்ந்த பிறகும் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. "மரத்த அழ வெக்கணும், கொல்லக் கூடாது" என்று அவர் சொல்வது இந்த ஆழக் கணக்கைத்தான்.

விடியுமுன் போவதும் வெறும் துரை கட்டளை இல்லை. இரவில் மரத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், வெயில் ஏற ஏற அது இறங்கும். மழை பெய்தால் வெட்டில்லை: பால் வெட்டுத்தடத்தை விட்டு ஈரப்பட்டையில் வழிந்து வீணாகும்.

மார்ச் 14

1942 முதல் 1945 வரை ஒரு தாளும் இல்லை, வாழைமர நோட்டு நாலைத் தவிர. ஜப்பான்காரன் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்த காலம். போனாரா, ஒளிந்திருந்தாரா என்று கேசட்டில் இதுவரை வரவில்லை. "அப்ப மரவள்ளிதான்" என்று மட்டும் ஓரிடத்தில். அந்த நாலு வருஷத்துக்கு ஒரு பக்கம் காலியாக விட்டு, இந்த வரியை மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாவது கேசட்டின் பின்பக்கம் இன்னும் பாக்கி.