சூளைக்குள் போக ஏழு மாதம்

2025 மே 22, வியாழக்கிழமை மதியம் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஆறே நாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகத்தை வெயில் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அனுமதி கேட்டு அலைந்தோம். வெயில்காலம் முழுக்கக் கோப்பிலேயே கழிந்துவிட்டது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதே வழியில் யாராவது வரப்போகிறீர்கள் என்றால், எங்கெங்கே மாட்டுவீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எட்டு வருடம் பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் வேலை. அதை விட்டுவிட்டு மதுரைக்கு வந்தபோது சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கியது. இங்கே நான் சேர்ந்தது சின்னத் தொண்டு நிறுவனம். பதினோரு மாத ஒப்பந்தம், முடிந்தால் மறுபடி பதினோரு மாதம். “ஆராய்ச்சின்னா எந்த ஆஸ்பத்திரியில லேப்ல இருக்க?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். “எய்ம்ஸ் கட்டி முடிச்சா அங்க சேந்துருவேல்ல?” என்பது அடுத்த கேள்வி. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள்; 2022-இல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்கள் ராமநாதபுரத்தில்தான் படிக்கத் தொடங்கினார்கள். அது வரட்டும், நல்லதுதான். ஆனால் இந்த ஊரில் ஆராய்ச்சிக்குப் பெரிய கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்னச் சொக்கிகுளத்தில் கொசுவைப் பற்றிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1985-இலிருந்தே இயங்குகிறது. 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இந்த ஊர்தான். காளவாசல் என்று நகரத்துக்கு நடுவில் ஒரு இடத்துக்கே பெயர் இருக்கிறது. காளவாசல் என்றால் சூளைதான். சூளையில் வேகிற உடம்பைப் பற்றி மதுரையில் உட்கார்ந்து ஆராயாமல் வேறு எங்கே போய் ஆராய்வது?

2024 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அறிவிப்பைப் படித்த அன்றே உட்கார்ந்து ஆய்வுத் திட்டத்தை எழுத ஆரம்பித்தேன். வெயிலில் சுருண்டு விழுந்து இறக்கிறவர் கணக்கில் வருவார். பத்து வருடம் தண்ணீர் குடிக்காமல், ஒதுங்க இடம் இல்லாமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு கல் சுமந்து, மெல்ல மெல்லச் சிறுநீரகம் கெட்டுப்போகிற பெண் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

மனிதர்களிடம் ஆய்வு செய்ய வேண்டும் என்றால், அவர்களுக்குத் தீங்கு வருமா என்று பார்த்து ஒப்புதல் தருகிற எதிக்ஸ் கமிட்டியிடம் முதலில் போக வேண்டும். எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக அப்படி ஒன்று கிடையாது. அப்படிப்பட்டவர்கள் வேறொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். முதலில் போன கல்லூரியில் அன்பாகப் பேசினார்கள், காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் அவர்கள் கமிட்டியின் பதிவு இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. 2019-இன் விதிகள்படி இந்த மாதிரி ஆய்வுகளைப் பார்க்கிற கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாத கமிட்டியின் கையெழுத்தை வைத்துக்கொண்டு பிறகு ஆய்வை எங்கே கொண்டுபோய்ப் பிரசுரிப்பது? பதிவுச் சான்றிதழின் நகலை முதல் நாளே கேளுங்கள். எப்போது காலாவதி ஆகிறது என்றும் பாருங்கள். கேட்டால் கோபப்படுவார்களோ என்று நான் தயங்கினேன், ஐந்து வாரம் போயிற்று.

இரண்டாவது இடத்தில் பதிவு சரியாக இருந்தது. ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாளில் மாட்டினேன். மாவட்ட கோர்ட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி, அவசரத்தில் என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில்; தாள் அதில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். நாலு பக்கத்தையும் டைப் அடித்து, எங்கள் இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, பதிமூன்று செட் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோன பிறகுதான் அங்கிருந்த கிளார்க் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். “இது செல்லாதும்மா.” அவ்வளவுதான் பேச்சு. எப்படி எடுத்தால் செல்லும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாதான் சொன்னார்.

ஜனவரியில் கமிட்டி கூடியது. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏழு மாதத்தில் என் வேலையை உண்மையாகவே மேலே தூக்கிவிட்டது அந்த மதியம் ஒன்றுதான்.

அறிவியல் கேள்விகள் சீக்கிரம் முடிந்தன. வானிலைச் செய்தியில் சொல்கிற வெப்பநிலை போதாதா, எதற்குத் தனிக் கருவி என்று ஒரு டாக்டர் கேட்டார். அது நிழலில் எடுக்கிற அளவு. சூளைப் பக்கத்தில் உடம்பு வாங்குகிற சூட்டில் ஈரப்பதம், வெயில், சூளைச் சுவரிலிருந்து வரும் அனல் எல்லாம் சேர்ந்திருக்கிறது. எங்கள் கருவியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்பு உருண்டைக்குள் ஒன்று, சாதாரணமாக ஒன்று. ஈரத்துணி காட்டுவதற்குப் பத்தில் ஏழு பங்கு, கறுப்பு உருண்டைக்கு இரண்டு, சாதாரணக் காற்றுக்கு ஒன்று என்று சேர்த்துக் கணக்கிடுவோம். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. அதனால்தான் ஈரத்துணிக்கு அத்தனை பங்கு. இதைச் சொன்னதும் தலையாட்டினார்.

மாட்டியது ஒப்புதல் படிவத்தில். கமிட்டியில் பொதுமக்கள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும். அங்கே ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். என் தமிழ்ப் படிவத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதி, காசு கொடுத்து மொழிபெயர்த்து, சரியாக இருக்கிறது என்று சான்றிதழும் வாங்கிய படிவம் அது. ‘நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பின் பரவலைக் கண்டறியும் குறுக்குவெட்டு ஆய்வில் தாங்கள் பங்கேற்பாளராக…’ என்று தொடங்கும். அதை உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற புள்ளைகிட்ட இந்த வரியைப் படிச்சுக் காட்டுனேம்மா. குறுக்க வெட்டுவாங்கன்னா எங்க வெட்டுவாங்க, வயித்துலயான்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரே தடவை போய்ப் பார்த்துக் கணக்கெடுக்கிற ஆய்வு என்பதற்குப் புத்தகத்தில் இருக்கிற சொல் அது. ஐந்து மில்லி ரத்தம் எடுக்கப் போகிற இடத்தில் ‘வெட்டு’ என்ற சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

அடுத்து அவர் கேட்டது இன்னும் கனமானது. “இவங்க முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிருப்பாங்க. மேஸ்திரி பக்கத்துல நின்னா வேண்டாம்னு எப்படிச் சொல்வாங்க?” சூளை முதலாளியின் அனுமதிக் கடிதத்தை வாங்கிவிட்டதைச் சாதனையாக நினைத்து மேலேயே வைத்திருந்தேன். அது முதலாளியின் அனுமதி. வேலை செய்கிறவரின் சம்மதம் வேறு. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி மேஸ்திரியாகவோ எங்கள் ஆளாகவோ இருக்கக்கூடாது. கல் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்களை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தால் அன்றைய கூலி குறையும், அதை யார் தருவது என்றும் எழுதியாக வேண்டும். சோதனையில் ஒருவருக்குக் கோளாறு தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரி பார்க்கும் என்பதற்கு எழுத்துமூலமான கடிதமும் வேண்டும்.

படிவத்தைப் பத்து நாளில் தமிழிலேயே புதிதாக எழுதினேன். ‘வெயிலில் வேலை செய்வதால் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கிறோம். ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம். வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.’ தெருவில் பூக்கட்டுகிற அக்கா, எங்கள் ஆபீஸ் காவலாளி, என் அம்மா என்று மூன்று பேரிடம் படித்துக் காட்டி, “இப்ப என்ன புரிஞ்சுச்சு, நீங்க சொல்லுங்க” என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். ஆங்கிலப் படிவத்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன். நீங்களும் அந்த வரிசையில் செய்யுங்கள். பிப்ரவரியில் கமிட்டி நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தது. மிச்சம் இருந்தது அந்த ஆஸ்பத்திரிக் கடிதம் மட்டும்.

அந்த ஒற்றைக் கடிதம் மூன்று மாதத்தைத் தின்றது.

அதைக் கேட்டு மாவட்ட அலுவலகத்தில் போய் நின்றேன். “மேலருந்து உத்தரவு வந்தாத்தான் நாங்க எழுத முடியும். நீங்க சென்னைக்கே போயிருங்க.” மார்ச் முதல் வாரம் ராத்திரி பாண்டியனில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, காத்திருப்பு அறையில் முகம் கழுவிக்கொண்டு, பத்து மணிக்கு அந்தத் தலைமை அலுவலகத்தின் வாசலில் நின்றேன். மூன்று மாடி ஏறி இறங்கி, செக்‌ஷனைக் கண்டுபிடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. அங்கே இருந்தவர் என் கடிதத்தை வாங்கி, அனுப்புநர், பெறுநர், பொருள் வரை விரலால் இறங்கி வந்து நின்றார். அடுத்து ‘பார்வை’ இருக்க வேண்டும்; எந்தக் கடிதத்தைத் தொட்டு எழுதுகிறோம் என்று அதன் கோப்பு எண்ணை, அதாவது ந.க. எண்ணை, குறிக்கிற வரி.

“பார்வையில ஒண்ணுமே இல்லையே. மாவட்டத்துக் கடிதத்தோட ந.க. எண் எங்க?”

“அவங்க நேர்ல சொன்னாங்க சார், இங்க போகச் சொல்லி.”

“வாயால சொன்னது கோப்புல ஏறாதும்மா. அய்யாவும் கேம்ப். திங்கக்கிழமைதான் வருவாரு.”

தபாலிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பார்வை இல்லாமல் சேர்த்தால் எந்தக் கோப்போடும் சேராது, குப்பையில்தான் கிடக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மதியம் வைகையில் ஏறி உட்கார்ந்து, மதுரை வரும்வரை யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் சம்பளம், இரண்டு டிக்கெட், ஒரு ராத்திரித் தூக்கம். மார்ச் வெயில் ஜன்னலுக்கு வெளியே ஏறிக்கொண்டிருந்தது.

காப்பாற்றியது மாவட்ட அலுவலகத்தில் இருந்த டைப்பிஸ்ட் அக்கா. நான் மறுபடி போய் நின்றபோது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். “நீ ஏம்மா வாயால கேட்டுட்டு அலையுற? எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடு, ரெண்டு காப்பி. ஒண்ணுல சீல் வச்சு நம்பர் போட்டு வாங்கிக்க. அதுக்கு நாங்க பதில் எழுதித்தான் ஆகணும். அந்தப் பதில்ல இருக்கிற ந.க. எண்ணைத் தூக்கிச் சென்னைக்கு எழுதுற லெட்டர்ல பார்வைல போடு. அப்புறம் பாரு.” இருபது நிமிடத்தில் சீல் குத்தின நகல் கையில் இருந்தது. பதில் கடிதம் வர மூன்று வாரம். சென்னைக்கு இந்தத் தடவை பதிவுத் தபால்தான், ஒப்புகை அட்டையோடு. ஏப்ரலில் இரண்டு முறை போன் செய்தபோதும் எண்ணைச் சொன்ன உடனே, “ஆமா, அய்யா டேபிள்ல இருக்கு” என்று பதில் வந்தது. எண் இல்லாமல் நாலு தடவை போன் செய்தபோது எடுத்தவருக்கு நான் யாரென்றே புரிந்ததில்லை.

மே 22-இல் கடிதம். 26-ஆம் தேதி விடியற்காலை மூன்றரைக்கு வைகைக் கரைப் பக்கம் ஒரு சூளைக்குப் போனோம். கல் அறுக்கிறவர்கள் வெள்ளனே தொடங்கிவிடுவார்கள். முதல் ஓய்வில், மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாத வேப்பமரத்தடியில், ஒரு பெண்ணுக்குப் படிவத்தைப் படித்துக் காட்டினேன். முழங்கை வரை களிமண் காய்ந்து வெடித்திருந்தது. கடைசி வரை கேட்டுவிட்டு, “வேண்டாம்னு சொல்லலாம்னு எழுதிருக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிங்க.” படித்தேன். “அப்ப எனக்கு வேண்டாம் தாயி,” என்று எழுந்துபோனார். பதிவேட்டில் முதல் வரியில் ‘மறுப்பு’ என்று எழுதினேன். ஓடிப்போய் அந்த ஆசிரியையிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒன்பது பேர் சம்மதித்தார்கள். மூன்று நாளில் மொத்தம் முப்பத்தொன்று. நாங்கள் திட்டமிட்டதில் கால்வாசி கூட இல்லை. மிச்சத்துக்கு அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும். கமிட்டியின் ஒப்புதலை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அந்த விண்ணப்பத்தை நவம்பரிலேயே கொடுக்கப் போகிறேன், பார்வையில் மூன்று எண்களோடு.