மாறும் விண்மீன் பார்க்கப் பழக: மிதுனத்திலிருந்து தொடங்குங்கள்

மாறும் விண்மீன்களை, அதாவது பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன்களை, பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு மேல்நாட்டுக் கையேடுகள் முதலில் கைகாட்டுவது டெல்டா செஃபியை. ஐரோப்பாக்காரர்களுக்கு அது சரி, அங்கே அது உச்சிவானத்துக்குப் பக்கத்திலேயே வரும். சென்னையில் அது எவ்வளவு ஏறினாலும் வடக்கே 45 டிகிரிதான். மாலையில் வசதியாகத் தெரிகிற அக்டோபர், நவம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை வேறு. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது மிதுனத்தில் இருக்கும் ஜீட்டா ஜெமினோரம். அதுவும் செஃபீட் வகைதான்: விம்மிச் சுருங்கும் விண்மீன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வானம் தெளிந்திருக்கும் மாதங்களில், மாலையிலேயே கிடைக்கும். உச்சம் தொடும்போது கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். 3.6 மேக்னிட்யூடிலிருந்து (பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட மங்கல்) 4.2 வரை மங்கித் திரும்ப 10.15 நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரவுக்கு ஒரு மதிப்பீடு போதும்.

கண்டுபிடிப்பது எளிது. புனர்பூசத்தின் இரட்டையில் போலக்ஸிலிருந்து திருவாதிரைக்கு மனதுக்குள் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியதும் ஜீட்டா. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, கோட்டை ஒட்டி, 3.5 மேக்னிட்யூடில் டெல்டா ஜெமினோரம் இருக்கும். ஜீட்டாவுக்கு மேற்கே, நீட்டிய கையின் முட்டி அகலத்துக்குள், 4.1 மேக்னிட்யூடில் நியூ ஜெமினோரம். பிரகாசமானதற்கு ஒன்று, மங்கலானதற்கு ஒன்று. ஒப்பிட இந்த இரண்டும் போதும். நகரத்து மொட்டை மாடியில் நான்காம் மேக்னிட்யூட் வெறுங்கண்ணுக்கு எட்டாமல் போகலாம். அப்போது பைனாகுலரை எடுங்கள்.

இனி மதிப்பீடு. டெல்டாவுக்கும் நியூவுக்கும் இடையே 0.6 வித்தியாசம். ஜீட்டா இரண்டுக்கும் நட்டநடுவில் தெரிந்தால் 3.8. டெல்டாவை நெருங்கி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பதாகப் பட்டால் 3.7. அவ்வளவுதான் கணக்கு. கண்ணைப் பழக்குவதுதான் வேலை. ஒரே விண்மீனை வெறித்துப் பார்க்காமல் மூன்றையும் மாறி மாறிச் சட்டென்று பாருங்கள். அடிவானத்தை ஒட்டிய விண்மீனைக் காற்றுமண்டலம் மங்கலாக்கிவிடும் என்பதால் ஒப்பிடுபவை ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில் விண்மீனுக்குப் பக்கத்தில் 35, 41 என்று எண் இருந்தால் குழம்ப வேண்டாம், 3.5, 4.1 என்று அர்த்தம். தசமப் புள்ளியையும் ஒரு விண்மீன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்பதால் அதைப் போடுவதில்லை!

கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இன்று என்ன பிரகாசம் வர வேண்டும் என்று ஆப்பில் பார்த்துவிட்டு மாடிக்குப் போகாதீர்கள். 3.7 என்று தெரிந்த கண்ணுக்கு 3.7தான் தெரியும். நேற்று நீங்களே எழுதியதைக்கூடப் புரட்ட வேண்டாம்.

சிவந்த விண்மீன்களுக்கு இன்னொரு சிக்கல். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிவப்பு பிரகாசமாகிக்கொண்டே போவதாகத் தோன்றும். திருவாதிரை அப்படித்தான். சாதாரணமாக 0.5 ஒட்டி இருக்கும் அது 2020 பிப்ரவரியில் சுமார் 1.6 வரை மங்கியது. அது கக்கிய வாயு தூசியாகி நம் பார்வையை மறைத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அதற்கு ஒப்பிட ரோகிணி 0.9, போலக்ஸ் 1.1. ரோகிணியும் செம்மை கலந்தது என்பதால் எனக்கு அதுவே தோது.

நோட்டில் தேதி, நேரம், மதிப்பு, எந்த இரண்டோடு ஒப்பிட்டீர்கள், நிலவோ மேகமோ இருந்ததா என்று அங்கேயே எழுதுங்கள். நேரத்தை ஜூலியன் நாளாக, அதாவது வானியலாளர்கள் மாதம், வருடம் இல்லாமல் தொடர்ந்து எண்ணிவரும் நாள் எண்ணாக, மாற்றுவதில் நமக்கு ஒரு சௌகரியம்: ஜூலியன் நாள் நம் மாலை 5.30க்குத் தொடங்குகிறது. ஆக நம் இரவு முழுக்க ஒரே எண், தசமம் மட்டும்தான் மாறும். இரவு 8.30 என்றால் .125, 11.30 என்றால் .25. இரண்டு மாதக் குறிப்பு சேர்ந்ததும் ஒவ்வொரு ஜூலியன் நாளையும் 10.15ஆல் வகுத்து, மீதி தசமத்தை மட்டும் கிடையச்சில் வைத்து வரையுங்கள். சிதறிக் கிடந்த புள்ளிகள் ஓர் அலையாகத் திரளும். புள்ளிகள் 0.1, 0.2 அங்கிங்கு விலகினால் பரவாயில்லை, வெறுங்கண் மதிப்பீடு அப்படித்தான். டெல்டா செஃபி விறுவிறுவென ஏறி மெல்ல இறங்கும்; ஜீட்டாவுக்கு ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழச் சமம். அந்த வேறுபாடு உங்கள் புள்ளிகளிலேயே தெரியும்.

கை பழகியதும் 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற மாறும் விண்மீன் பார்வையாளர் சங்கத்துக்கு மதிப்பீடுகளை அனுப்பலாம். உறுப்பினராக வேண்டிய அவசியமில்லை, ஒரு பார்வையாளர் குறியீடு வாங்கினால் போதும். இந்த வேலைக்கு நம் ஊரும் புதிதல்ல. ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி என்று 1856இல் வரையறுத்த நார்மன் போக்சன், 1861 முதல் சென்னை வானாய்வகத்தை நடத்தினார். அங்கே அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார்.

ஏப்ரல் கடந்து மிதுனம் மேற்கே இறங்கிய பிறகு, ஜூலையிலிருந்து கழுகு விண்மீன் குழுவில் இருக்கும் ஈட்டா அக்விலேக்கு மாறிக்கொள்ளலாம். அதுவும் செஃபீட், 7.18 நாள், நம் தலைக்கு மேலேயே வரும். திருவோணத்தை ஒட்டி நிற்கும் பீட்டா அக்விலே 3.7, அயோட்டா அக்விலே 4.4, இவை இரண்டையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணி மேகத்தில் பாதி இரவுகள் போய்விடும். போன நாளை ஊகத்தில் நிரப்பாமல் காலியாகவே விடுங்கள்.