லீவு வேகன்சி சார்

எம்.எஸ்சி. முடித்துவிட்டு மஸ்கட் விசாவுக்காகக் காத்திருந்த சமயம். நம் பள்ளியில் இயற்பியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போக, தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் படித்த அதே பிளஸ் ஒன் வகுப்புக்கு நானே லீவு வேகன்சி சார்.

சார் என்பதெல்லாம் பெயருக்குத்தான். முதல் நாள் வராந்தாவில் நின்று அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நம் பழைய கணக்கு சாரின் குரல்: "லேய், பெல் அடிச்சது கேக்கலியா? கிளாசுக்கு ஓடுலேய்!" அவருக்குப் பழக்கதோஷம். எனக்கும்தான், "சரி சார்" என்று ஓடியே விட்டேன். ஜன்னலோரப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் நான் கொஞ்சம் பிந்தினால் போதும், பின் பெஞ்சிலிருந்து "பெல் அடிச்சது கேக்கலியா?" என்று வரும். அச்சு அசல் அவர் குரல். யாரென்று நான் தேடவேயில்லை. தேடினால் நின்றுபோகுமே!

ஆசிரியர் அறையில், என்னைப் பிரம்பால் அடித்தவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து டீ குடிக்கும் கூச்சம் கடைசிவரை போகவில்லை. அதை விடுங்கள்.

முதல் பீரியடில் ஒருவன் தினமும் தூங்குவான். விடியும் முன்னே அப்பாவோடு ரப்பர் வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் வடிக்கப் போய், அந்தப் பாலை எடுத்து ஊற்றிவிட்டு ஓடி வருகிறவன். விரல் நகத்தில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். எழுப்ப எனக்கு மனசு வராது. "மழை பெய்தா வெட்டு இல்ல சார், அன்னைக்கு முழிச்சிருப்பான்" என்றாள் முன்வரிசைப் பெண். பக்கத்திலிருந்தவள் விடவில்லை: "அன்னைக்கு கலெக்டர் லீவு விட்டிருவாரே!" தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அவன் பாடம் கேட்க வழியே இல்லை என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. சிரிப்புச் சத்தத்தில் அவனே எழுந்து, "என்ன சார், பெல் அடிச்சாச்சா?" என்றான்.

தடையின்றி விழும் பொருள் பாடம் வந்தபோது, புத்தகத்துக் கோபுரம் எதற்கு என்று, ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொண்டேன். 115 அடி உயரம், ஏறக்குறைய 35 மீட்டர். மேலிருந்து கல்லை விட்டால் தரை தொட எவ்வளவு நேரம்? போர்டில் போட்டுக் காட்டினேன்: சுமார் 2.7 விநாடி. மாத்தூர்க்காரன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், நாங்க சின்னதுலயே போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லும்போ தண்ணி தெறிக்கும்." சரியான விடைதான்.

சனிக்கிழமை ஐந்தாறு பேர் பி.டி. சாரின் ஸ்டாப்வாட்ச்சோடு கிளம்பினார்கள். கீழே குளிக்கிறவர்கள் இருப்பார்கள், ஆளில்லாத பக்கமாகப் பார்த்துப் போடுங்கள் என்று பத்து தடவை சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை நோட்டு வந்தது. 2.6, 2.9, 2.7 என்று அழகான அட்டவணை. நமக்குப் பாடம் எடுத்த எவரும் இப்படி ஒரு நோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பெருமையாகப் பக்கத்தைத் திருப்பினால், கடைசி வரியில் 18 விநாடி!

"இது என்னடே?"

"கல்லு தீந்துபோச்சு சார். தேக்கிலைய விட்டோம்."

காற்றுத்தடை பாடத்தை அன்றைக்கே நடத்தி முடித்தேன்.